138 சென்டிமீட்டரும் ஒரு கொச்சிப் பயணமும்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவை ஒட்டிய சுவரில் பென்சில் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஏறிப் போகும். ஒவ்வொரு கோட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தேதி. பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கிற ஆசையில் போட ஆரம்பித்தவை அவை. பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் செலவுக் கணக்குப் போட முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சுவரைத்தான் என்பது 2022 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு நாங்கள் போன இடத்தின் பெயர் வேண்டாம், தப்பு அவர்கள் பேரில் இல்லை. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு முடிவெடுத்து, வாடகைக் காருக்குச் சொல்லி, விடியற்காலையில் கிளம்பி, கவுன்டரில் முழு விலைக்கு டிக்கெட் எடுத்து உள்ளே போனால் தலைதான் தெரிகிறது, தரை தெரியவில்லை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தூரத்திலேயே பெரிய ரோலர் கோஸ்டரைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்றாள். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. அங்கிருந்த பையன் அவளை அளவுகோல் பக்கத்தில் நிறுத்தி, தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இன்னும் வளரணும் பாப்பா" என்றான். அன்பாகத்தான் சொன்னான், விதியும் சரியான விதிதான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அப்புறம் நீச்சல் உடை கொண்டுபோகாததால் நாலு பேருக்கும் உள்ளேயே வாங்கினோம், பசியில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினோம், அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்த ஒரு பொம்மையும் வாங்கினோம். ராத்திரி வீடு வந்து கணக்குப் பார்த்தால் 13,800 ரூபாய். ஒரே நாள்.

நான் ஒரு பம்ப் செட் கடையில் கணக்கு எழுதுகிறவள். அடுத்தவர் செலவை ரூபாய் பிசகாமல் எழுதுகிறவளுக்கு அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. 13,800-இல் நுழைவு டிக்கெட் பாதிகூட இல்லை. மீதியெல்லாம் கார், துணி, சாப்பாடு, சமாதானம். இவற்றில் எதையும் பூங்கா வாசலில் போய்க் குறைக்க முடியாது. வீட்டில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் முன்னதாகத்தான் குறைக்க முடியும். தள்ளுபடி கூப்பன் தேடுவதிலேயே எல்லாருடைய நேரமும் போகிறது, என் நேரமும் போனது. நூறு இருநூறு குறையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த நாளில் போகிறோம், எந்த உயரத்தில் போகிறோம் என்ற இரண்டும்தான் செலவையும் சந்தோஷத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கின்றன.

உயரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2024-இல் நாங்கள் போன பூங்கா கொச்சி வொண்டர்லா. அங்கே டிக்கெட்டுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரம்தான். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். 85-இலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் முழு டிக்கெட். பெரிய ரைடுகள் பலவற்றில் ஏறுவதற்கும் அதே 140 தான் எல்லை. இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். 139 உயரமுள்ள பிள்ளைக்கு டிக்கெட் குறைவு, ஆனால் அது ஆசைப்படுகிற ரைடு கிடைக்காது. 141 ஆகிவிட்டால் டிக்கெட் கூடும், எல்லா ரைடும் கிடைக்கும். ஆக, எப்போது போனால் லாபம் என்பது பிள்ளையின் மனசைப் பொறுத்தது. தண்ணீரில் குதித்தாலே போதும் என்கிற பிள்ளையை 140-க்கு முன்னால் கூட்டிப் போங்கள். தலைகீழாகத் தொங்கவேண்டும் என்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் பொறுத்திருப்பது நல்லது.

2024 பிப்ரவரியில் மகளைச் சுவரோடு நிற்கவைத்து, தலையில் ஸ்கேலைக் கிடையாக வைத்துக் கோடு போட்டேன். 136. ஜூனுக்குள் 138 வந்தால் அதிகம், 140 வராது என்று தெரிந்துவிட்டது. அவளிடம் மறைக்காமல் சொன்னேன். "இந்தத் தடவை போனா பெரிய கோஸ்டர் கிடைக்காது கண்ணு. தண்ணீ, அலை, சின்ன ரைடெல்லாம் கிடைக்கும். அடுத்த வருஷம் போலாமா, இப்பவே போலாமா?" இரண்டு நாள் யோசித்தாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, நிஜமாகவே இரண்டு நாள் யோசித்தாள். பிறகு வந்து, "தம்பிக்கு இப்பத்தான் ஆறு வயசு, அவன்கூட அலையில் விளையாடணும், இப்பவே போலாம்" என்றாள். கொச்சியில் அந்தப் பெரிய ரைடுகளைக் கடந்து போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தாள், ஆனால் ஒரு தடவைகூட முகம் வாடவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்ட ஒரு "இல்லை"யைக் குழந்தைகள் எவ்வளவு பெரிய மனதோடு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஏன் கொச்சி? எங்களுக்குக் கோவை, போத்தனூர்ப் பக்கம். பக்கத்தில் மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் என்ற தண்ணீர் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது, காலையில் போய் மாலையில் வந்துவிடலாம், கையில் குறைவாகப் பணம் இருக்கிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள். பெங்களூர் வொண்டர்லா மைசூர் சாலையில் பிடதியில் இருக்கிறது, எங்களுக்குக் கொச்சியைவிட வெகு தூரம். கொச்சி சுமார் 190 கிலோமீட்டர், ரயிலில் நாலு மணி நேரம். வி-கார்ட் நிறுவனம் நடத்திய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் ஆரம்பித்ததுதான் இது. எங்கள் ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் இன்னும் அந்தப் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் கல்லூரி முடித்த கையோடு நண்பர்களுடன் போனது அந்த வீகாலேண்டுக்குத்தான். தான் பார்த்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை அவருக்கு உள்ளூர இருந்தது, வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நாள். என்னைக் கேட்டால் முழுத் திட்டத்திலும் பெரிய பலன் தந்தது இதுதான். தமிழ்நாட்டுக் கோடை விடுமுறையும் கேரளக் கோடை விடுமுறையும் ஒரே நாளில் முடிவதில்லை. கேரளத்தில் ஜூன் முதல் தேதியை ஒட்டிப் பள்ளி திறந்துவிடுவார்கள், அங்கே அது பல காலத்து வழக்கம். நம் ஊரில் வெயிலைப் பார்த்துத் தள்ளிவைக்கிற ஆண்டுகள் உண்டு. 2023-இல் ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12-இல்தான் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் நம் பிள்ளைகளுக்கு விடுமுறை, அந்த ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில். நடுவில் கிடைக்கிற அந்தச் சில நாட்கள்தான் கொச்சிக்குப் போகச் சரியான நேரம். இதை எண்ணி, 2024 பிப்ரவரியிலேயே ஜூன் 4-க்கு ரயில் டிக்கெட் எடுத்தேன். அப்போது 120 நாளுக்கு முன்னால் எடுக்கலாம், 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாள் ஆக்கிவிட்டார்கள். பிறகு கேரளத்தில் ஜூன் 3-இல் பள்ளி திறப்பு என்று வந்தது. நம் அரசு முதலில் ஜூன் 6 என்று அறிவித்தது, சரி, ஒருநாள் லீவு போட்டுக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மே கடைசியில் வெயிலால் ஜூன் 10-க்குத் தள்ளிவைத்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். ஆனால் 2025-இல் இரண்டு மாநிலமும் ஜூன் 2-இல் திறந்துவிட்டன, அதனால் எல்லா ஆண்டும் இந்தக் கணக்கு பலிக்காது.

அந்த நாட்களில் போவதில் மழைப் பயம் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குகிற நேரம் அது. அம்மா இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார், "மழையில் தண்ணீ விளையாட்டு வேறயா?" என்று. எப்படியும் நனையப்போகிற இடம்தானே என்று நான் சொன்னேன். இடி மின்னல் இருந்தாலோ பலத்த மழை என்றாலோ உயரமான ரைடுகளை நிறுத்திவைப்பார்கள், அதை ஏற்றுக்கொண்டுதான் போகவேண்டும். எங்களுக்கு மதியம் முக்கால் மணி நேரம் மழை பெய்தது. பாதிப் பேர் உணவகத்துக்குள் ஓடிவிட்டார்கள். நாங்கள் அலைக்குளத்திலேயே இருந்தோம்.

ஐந்து பேர் போனோம், அம்மாவும் சேர்த்து. ரைடில் ஏறாத பெரியவர்களுக்கும் டிக்கெட் எடுக்கவேண்டும், அதனால் பலர் தாத்தா பாட்டியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார்கள். நானும் ஒரு கணம் அப்படி நினைத்தேன், அதைச் சொல்லவே இப்போது மனசு உறுத்துகிறது. அறுபதைக் கடந்தவர்களுக்குச் சலுகை உண்டு, வயதுக்கு அத்தாட்சியாக அடையாள அட்டை வேண்டும். வார நாள் என்பதாலும் முன்னதாகவே இணையத்தில் எடுத்ததாலும் ஐந்து பேருக்கும் சேர்த்து 4,900 ரூபாய்தான் ஆயிற்று. இந்த விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை, தேதியைப் போட்டுப் பாருங்கள், புதன்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும். பார்க்கும்போது ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா, சேராத விலையா என்றும் பாருங்கள். பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 28 சதவீதமாக இருந்ததை 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள், ஆனாலும் ஐந்து பேர் டிக்கெட்டில் 18 சதவீதம் சின்னத் தொகை இல்லை. வரிசையில் நிற்காமல் போக ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் என்று தனியாக உண்டு. சரியான வார நாளில் போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை, எங்களுக்கு எந்த வரிசையிலும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

துணி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். குளத்துக்குள் பருத்தித் துணிக்கு அனுமதி இல்லை, நைலான், பாலியஸ்டர் மாதிரித் துணிதான். புடவை, வேட்டி, ஜீன்ஸ் எதுவும் ஆகாது. ஏப்ரலிலேயே திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனோம். விளையாட்டு வீரர்கள் போடுகிற வழுவழுப்பான டி-சர்ட்டுகளும் அரைக்கால் சட்டைகளும் அங்கே குவியலாகக் கிடக்கும், கையால் கிளறிக் கிளறி எடுக்கவேண்டும், ஒன்று நூறு ரூபாயை ஒட்டித்தான் இருந்தது. பிள்ளைகள் பிறகு அதையே பள்ளி விளையாட்டுக்கும் போட்டுத் தேய்த்தார்கள். அம்மாவுக்குத்தான் என்ன எடுப்பது என்று தெரியவில்லை. அறுபத்து நாலு வயது, புடவையைத் தவிர வேறெதுவும் உடுத்தியதில்லை. "நான் கரையில உக்காந்து பையைப் பாத்துக்கறேன், எனக்கெதுக்கு" என்றார். ஒப்பணக்காரத் தெருவில் ஒரு கத்தரிப்பூ நிறச் சுடிதார், முழு பாலியஸ்டர், 450 ரூபாய்க்கு எடுத்துப் பையில் போட்டுவைத்தேன், அவரிடம் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய். மதியம் கோவையிலிருந்து பெங்களூர் எர்ணாகுளம் இன்டர்சிட்டி, இரண்டாம் வகுப்பு இருக்கை, ஐந்து பேருக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள். காரில் போயிருந்தால் போக வர எட்டாயிரமாவது ஆகியிருக்கும். அன்று நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வரும் நாள், பெட்டி முழுக்க எல்லார் கையிலும் போன், தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சமயத்தில் கணிப்பும் வாக்குவாதமும். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே பச்சை அடர்ந்து, காற்று குளிர்ந்து, மகன் முகத்தை வெளியே நீட்டப் பார்க்க, அம்மா அவன் சட்டையைப் பிடித்தபடியே திருச்சூர் வரை வந்தார்.

தங்கியது எர்ணாகுளம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சாதாரண விடுதி, கூடுதல் படுக்கையோடு ஒரு நாளைக்கு 1,800, இரண்டு ராத்திரி. பூங்காவுக்குப் பக்கத்திலேயே தங்கலாமே என்று பலர் கேட்டார்கள். பூங்கா பள்ளிக்கரையில், காக்கநாட்டைத் தாண்டி இருக்கிறது. அங்கே தங்கினால் அது ஒன்றுதான். ஸ்டேஷன் பக்கம் தங்கினால் சாப்பாடு மலிவு, மெட்ரோ, படகு எல்லாம் கைக்கெட்டும். காலையில் புட்டும் கடலைக் கறியும், அப்பமும் முட்டைக் கறியும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை விடமாட்டார்கள் என்பதால் காலைச் சாப்பாட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மதியச் சாப்பாட்டைப் பதினொன்றே முக்காலுக்கே முடித்துவிட்டோம், அப்போது கூட்டம் இல்லை, பிள்ளைகளும் பசியில் கண்டதைக் கேட்கவில்லை. காலையில் காக்கநாடு வழியாகப் போகிற பேருந்தில் போனோம். திரும்பும்போது மட்டும் கார் வைத்துக்கொண்டோம். நனைந்து, களைத்து, கண் சொருகுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு பேருந்துக்கு நிற்பது சிக்கனமே இல்லை, சண்டைக்குத்தான் வழி. எதில் மிச்சம் பிடிப்பது என்பதைப் போலவே எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதையும் முன்னதாகவே நோட்டில் எழுதிவைத்திருந்தேன்.

உள்ளே போனதும் முதலில் தண்ணீர் இல்லாத ரைடுகள், பிறகு தண்ணீர். நனைந்த துணியோடு அங்குமிங்கும் அலையவேண்டாம் என்பதற்காக. ஒரே ஒரு லாக்கர். மகன் குட்டிப் பிள்ளைகளுக்கான பகுதியிலேயே ஒன்றரை மணி நேரம் சுற்றினான்.

இரண்டு மணி வாக்கில் அலைக்குளம். அம்மா கரையில் ஒரு திண்டில் பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் கத்தரிப்பூச் சுடிதாரை எடுத்து மடியில் வைத்தேன். "உனக்கு என்ன பைத்தியமா" என்றார். மகள் ஈரக் கையால் அவர் கையைப் பிடித்து இழுத்தாள், "வா அம்மிச்சி, இங்க நம்மளை யாருக்குத் தெரியும்?" அந்த ஒரு வார்த்தை வேலை செய்தது. உடை மாற்றும் அறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது துப்பட்டாவை எப்படிப் போடுவது என்று தெரியாமல் முந்தானை மாதிரித் தோளில் இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். என் வீட்டுக்காரர் சட்டென்று எழுந்து, "நீங்க போங்கத்தை, பையை நான் பாத்துக்கறேன்" என்றார். கணுக்கால் தண்ணீரில் நின்றார், முழங்கால் வரை வந்தார். மணி அடித்தது, அலை கிளம்பியது. முதல் அலை இடுப்பில் அடித்ததும் என் தோளை இறுக்கிப் பிடித்தார், நகம் பதிந்தது. மூன்றாவது அலையில் பிடியை விட்டுவிட்டார். அப்போதுதான் மழையும் வந்தது. கீழேயும் தண்ணீர், மேலேயும் தண்ணீர், நடுவில் என் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். என் அப்பா இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது, அந்த ஆறு வருடத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

மறுநாள் வியாழன், ஃபோர்ட் கொச்சி. போவதற்கு வாட்டர் மெட்ரோ, ஏ.சி. படகு, அந்த ஏப்ரலில்தான் அந்தத் தடத்தில் ஓட ஆரம்பித்திருந்தது, தலைக்கு 40 ரூபாய். திரும்புவதற்கு அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகு, தலைக்கு 6 ரூபாய். இரண்டும் வேண்டும் என்றுதான் அப்படி வைத்தேன். பிள்ளைகளுக்கு ஆறு ரூபாய்ப் படகுதான் பிடித்தது, காற்றும் எஞ்சின் சத்தமும் தண்ணீர்த் திவலையும். கரையில் சீன வலையை நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்துத் தூக்குவதை மகன் அரை மணி நேரம் அசையாமல் பார்த்தான். காசு கொடுக்காமல் பார்த்தது அது. மாலை ரயிலில் ஊர் திரும்பினோம்.

கணக்கைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் திருப்தி வராது. பூங்கா டிக்கெட் 4,900, ரயில் 1,200, விடுதி 3,600, மூன்று நாள் சாப்பாடு 3,200, ஊருக்குள் போக்குவரத்து 1,400, துணி 1,300, ஃபோர்ட் கொச்சியில் சில்லறைச் செலவு 500. மொத்தம் 16,100. முந்தைய ஆகஸ்ட்டிலிருந்து மாதம் 1,600 வீதம் பத்து மாதம் தனிக் கணக்கில் போட்டு வந்தது 16,000. மேலே ஆன நூறு ரூபாயை அம்மா தன் சுருக்குப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, "நானும் போட்டேன்னு எழுது" என்றார். எழுதியிருக்கிறேன்.

அந்த நவம்பரில், தீபாவளி கழிந்த வாரம், மகள் சுவரோரம் நின்று தானே ஸ்கேலை எடுத்து நீட்டினாள். 140-ஐத் தொட்டிருந்தாள். "இனிமே எனக்கு முழு டிக்கெட்டும்மா" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினாள். 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் திருப்போரூரிலும் ஒரு வொண்டர்லா திறந்துவிட்டார்கள், தாம்பரத்தில் எங்கள் சொந்தக்காரர் வீடு இருக்கிறது, விடுதிச் செலவு மிச்சம் என்று புதுப் பக்கத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் பீரோவைத் துடைக்கும்போது அந்தக் கத்தரிப்பூச் சுடிதார், துவைத்து மடித்து, நடுவில் ஒரு பாச்சை உருண்டை வைத்து, அம்மாவின் பட்டுப் புடவைகளுக்குக் கீழே இருந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"சென்னையிலயும் அலை வருமாமா?" என்று கேட்டார்.